காசிமிரோவின் குழாய்க்குப் போட்ட கோட்டு

எங்கள் ஊர் ஒஹீத்தோவில் பாதி வீட்டு வாசற்புல் ஒர்லிந்தா மாயெஸ்தாஸின் கைபட்டு வளர்ந்தது. அவள் வீட்டு வாசலில் மட்டும் ஒரு புல் கிடையாது, மண்ணும் நெருஞ்சியும்தான். அவள் பிறந்தது பக்கத்து ஊர் அந்தோனித்தோவில், ஆட்டுமயிர் கத்தரிக்கும் தெல்ஃபினோவின் நடுமகளாக. வாழ்க்கைப்பட்டது எங்கள் ஊர் எவுஃபேமியோவுக்கு. அவன் பள்ளிக்கூடத்து மைதானத்தில் புல் வெட்டியவன். நெஞ்சுச்சளியில் அவன் போன பிறகு, அந்தப் புல்வெட்டி மெஷினைத் தள்ளிக்கொண்டு இவள் தெருவில் இறங்கினாள். அன்றிலிருந்து இறங்கினவள்தான்.

எங்கள் பள்ளத்தாக்கு கடலுக்கு ஏழாயிரம் அடிக்கு மேலே கிடக்கிறது. வெயில் பக்கத்து வீட்டிலிருந்து அடிப்பதுபோல் அடிக்கும். காற்று இருக்கிற ஈரத்தையும் நக்கிக்கொண்டு போய்விடும். ஜனவரியில் ஒருநாள் வெயில் காய்ந்தால் போதும், ஒர்லிந்தா ஒரு நீள ஸ்க்ரூடிரைவரை மண்ணில் குத்திப் பார்ப்பாள். இறங்காவிட்டால் அந்தக் குளிரிலும் தண்ணீர் பாய்ச்சுவாள். "பனிக்காலத்துல புல்லக் குளிப்பாட்டுறா பாரு" என்று ஊர் சிரிக்கும். வசந்தத்தில் அவள் பார்த்த வாசல் பச்சென்று எழும்போது சிரிப்பு நின்றுவிடும்.

மூன்று வருஷம் மலையில் பனி சரியாக விழவில்லை. ஊர்சபை தண்ணீரைக் குறைத்தது. ஒவ்வொரு வீடாகப் புல்லைப் பிடுங்கிவிட்டு ஜல்லி கொட்டினார்கள். ஒருவன் அந்த ஜல்லிக்குப் பச்சைப் பெயின்டும் அடித்தான். ஜல்லிக்கு எதற்கு ஒர்லிந்தா? டென்வரிலிருந்து மகள் நெல்டா போன் மேல் போன் போட்டாள்.

"அம்மா, வயசு அறுபத்திரெண்டு ஆச்சு. இன்னும் யாரு வீட்டுல மண்ணு கொத்தப் போற? என்கூட வந்துரு."

"வர்றேன்டி. ஆனா ஒண்ணு. என் வாசல்ல நவாஹீதா விதைச்சிருக்கேன். சான் ஹுவான் திருநாள் காலையில என் காலுக்குப் புல்லு தட்டுப்பட்டா நான் இங்கதான். தட்டுப்படலைன்னா வேலைக்குப் போற லாரிய வித்துட்டு உன்கூட வந்துர்றேன். சத்தியம்."

நவாஹீதா எங்கள் மேட்டுக்காட்டில் தானாய் விளைகிற புல். கதிர் வந்தால் கண்ணிமை மயிர்போல் வளைந்து நிற்கும். வேர் பிடித்துவிட்டால் மற்றப் புல் குடிக்கிற தண்ணீரில் கால்வாசி போதும். வாசலில் இது நின்றுவிட்டால் ஊர் ஜல்லியை அள்ளி எறியும் என்று அவளுக்கு நிச்சயம். மே கடைசியில், மண் கைக்குச் சூடாகிற நாள் பார்த்து விதைத்தாள். சான் ஹுவான் திருநாள் ஜூன் இருபத்திநாலு. முளைக்கிற வரைக்கும் மட்டும் மண் காயக்கூடாது.

எதிர்வீட்டுக் காசிமிரோவுக்கு இதைக் கேட்டதும் ஒரே கும்மாளம். அவன் அம்மாவும் எவுஃபேமியோவின் அம்மாவும் கூடப்பிறந்தவர்கள். ஒரு கறுப்பாட்டுக்காகச் சண்டை போட்டு, சாகிற வரைக்கும் கோயிலில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தவர்கள். அந்த வழக்கத்தில் பிள்ளைகளும் வேலிக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும்தான். காசிமிரோ வாசலில் வாய்க்கால் தண்ணீரை மாடுபோல் குடிக்கிற கொழுத்த சீமைப்புல், கம்பளம் மாதிரி.

"மதினி, ஆடு மேயுற புல்லையா வாசல்ல போடுற? கூடவே ரெண்டு ஆடும் கட்டிரு!"

"ஆடு எதுக்கு கொழுந்தா, அதான் எதுத்த வீட்டுல நீ இருக்கியே!"

ஜூன் பிறந்து ஒருவாரம் இருக்கும். அன்றிரவு தண்ணீர் உறையும் என்று சாயங்காலம் ரேடியோவில் சொன்னான். எங்கள் பக்கம் ஜூன் உறைபனி புதிதல்ல. ஒர்லிந்தா பழைய கம்பளி, கிழிந்த ஜீன்ஸ், குழந்தை மெத்தை எல்லாவற்றையும் லாரியில் அள்ளிப்போட்டாள். தெளிப்பானுக்குத் தண்ணீர் போகிற பித்தளைக் குழாய் வீட்டுக்கு வெளியே முழங்கால் உயரத்துக்கு நிற்கும். உள்ளே தண்ணீர் உறைந்தால் வெடித்துவிடும். வாடிக்கை வீடு ஒன்று விடாமல் போய்க் குழாய்க்கு உடுத்திவிட்டு, தலையில் வாளியைக் கவிழ்த்தாள். ஊர் முழுக்கக் குள்ள மனிதர்கள் தொப்பி போட்டு நிற்பதுபோல் இருந்தது.

கடைசியில் லாரியில் எவுஃபேமியோவின் ஆட்டுத்தோல் கோட்டு ஒன்றுதான் மிச்சம். அது தன் குழாய்க்கு என்று வைத்திருந்தாள். தெருவில் திரும்பினால் காசிமிரோ வீட்டுக் குழாய் அம்மணமாக நிற்கிறது! அவனோ பேரன் ஆடுகிற பந்தாட்டம் பார்க்க அலமோசாவுக்குப் போயிருந்தான். "தொலையட்டும்" என்று இரண்டடி போனாள். மனசு கேட்கவில்லை. கோட்டை அதற்கு மாட்டிப் பொத்தானும் போட்டாள். வீட்டில் ஏதாவது துணி கிடக்கும், எடுத்து நம்முடையதைச் சுற்றிக்கொள்ளலாம் என்று உள்ளே வந்தவள், சிவப்பு மிளகாய்க் குழம்பு ஒரு கிண்ணம் குடித்தாள். நாற்காலியிலேயே கண் அசந்துவிட்டது. ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி!

காலையில் சர்ரென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் குழாய் பிளந்து, தண்ணீர் கூரைக்கு எழும்பி வெயிலில் வானவில் காட்டுகிறது. வாசலுக்குப் போகிற தண்ணீரெல்லாம் அந்த ஒரு குழாய் வழிதான். சரிபண்ண வந்தவன் தலையைச் சொறிந்தான். "சாமான் டென்வர்லருந்து வரணும். சான் ஹுவான் கழிஞ்சுதான் வரும்."

விதை ஊறி வயிறு வெடிக்கிற பருவம். ஒரு பகல் காய்ந்தால் செத்தது. அடுப்படிக் குழாயில் வாளி வாளியாகப் பிடித்து ஊற்றினாள். காளைக்குக் கரண்டியில் தண்ணீர் காட்டின கதைதான். மத்தியானம் இடுப்பு விட்டுப்போய்ப் படியில் உட்கார்ந்தாள். 'நெல்டாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம்' என்று போனை எடுத்தாள்.

அப்போது தெருவைத் தாண்டிக் காசிமிரோ வந்தான். கையில் அந்தக் கோட்டு.

"மதினி, இது எவுஃபேமியோ அண்ணன் கோட்டுதான?"

"ஆமா."

"எங்குழாய்க்குப் போட்டுட்டு உங்குழாய அம்மணமா விட்டியா? புத்தி இருக்கா உனக்கு?"

"இருந்தா உன் வீட்டுப் பக்கம் திரும்பியிருப்பேனா?"

அவன் கோட்டைப் படியில் வைத்தான். குனிந்து காய்கிற மண்ணைத் தொட்டுப் பார்த்தான். "இன்னிக்கு வாய்க்கால்ல என் முறைத்தண்ணி. எழுந்து வா."

எங்கள் வாய்க்காலில் முறையை இன்னொருவருக்கு விடுவதென்றால், விடுகிறவன் மடையில் நின்று வாய்க்கால் மணியக்காரரிடம் நேரில் பெயர் சொல்லவேண்டும். ஒர்லிந்தா வீட்டுக்கு வாய்க்காலில் சொந்த முறை கிடையாது. காசிமிரோ குடும்பம் எவுஃபேமியோ குடும்பத்துக்கு அப்படிச் சொன்னதே இல்லை. மணியக்காரர் தியோதோரோ காதில் கை வைத்தார்.

"யாருக்கு விடுற?"

"எங்க மதினிக்கு."

"இன்னொருக்கா சொல்லு!"

"மதினிக்குய்யா! செவிடா?"

தியோதோரோ தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். "உங்கம்மா குழிக்குள்ள திரும்பிப் படுத்துருப்பா."

தண்ணீர் ஓடிவந்தது. காசிமிரோ மண்வெட்டியால் கரையை வெட்டப் போனான். ஒர்லிந்தா பாய்ந்து அவன் கையைப் பிடித்தாள். "வெட்டாத! வெள்ளமா விட்டா என் விதையெல்லாம் தெருமுனைக்குப் போயிரும்!"

"அப்ப என்னதான் செய்ய?"

"மேல சாக்கு பரப்பணும். அது மேல பூவாளியால ஊத்தணும்."

காசிமிரோ முப்பது வருஷம் உருளைக்கிழங்குக் கிடங்கில் மூட்டை அடுக்கினவன். அவன் கொட்டிலில் சணல்சாக்குக்கா பஞ்சம்? தலைமேல் சுமந்து கொண்டுவந்தான். வாசல் முழுக்கச் சாக்கு பரப்பிக் கல் வைத்தார்கள். பீப்பாய்களில் வாய்க்கால் தண்ணீரை நிரப்பினார்கள். அன்றிலிருந்து தினமும் ஆளுக்கொரு பூவாளி. முறை வரும்போதெல்லாம் தண்ணீர் இந்தப் பக்கமே வந்தது. எதிர்ப்பக்கம் சீமைப்புல் மஞ்சள் தட்டியது. "காசிமிரோ, உன் கம்பளத்தைப் பூச்சி தின்னுதா?" என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்டார்கள். "உன் வேலையப் பாரு" என்பான்.

ராத்திரிக் குளிர் விதையைப் பிடித்து வைத்தது. நடுவில் கிளப்பினால் முளை முறியும் என்று, தினமும் ஓரத்துச் சாக்கின் நுனியை மட்டும் தூக்கிப் பார்ப்பாள். மண், மண், மண். திருநாளுக்கு முதல்நாள் சாயங்காலமும் அதே மண். நெல்டா அம்மாவின் சாமான் கட்டக் காரில் காலி அட்டைப்பெட்டிகளோடு வந்து இறங்கினாள்.

சான் ஹுவான் அன்று தண்ணீரெல்லாம் புண்ணியத் தண்ணீர். பொழுது விடியுமுன் பெண்கள் வாய்க்காலில் முகம் கழுவித் தலை அலசினார்கள். பிறகு வழக்கம்போல் ஒருவர்மேல் ஒருவர் இறைப்பு. நெல்டா தியோதோரோவின் தலையில் ஒரு வாளியே கவிழ்த்தாள். எல்லோரும் சொட்டச் சொட்ட ஒர்லிந்தா வீட்டுக்கு வந்தார்கள். சத்தியம் ஊருக்கே தெரியுமே.

ஒர்லிந்தா வாசலில் நின்றாள். செருப்பைக் கழற்றினாள். ஈரக்காலைச் சாக்கின்மேல் வைத்தாள்.

கால் கூசியது.

எடுத்து மறுபடி வைத்தாள். மறுபடி கூசியது. குனிந்து பார்த்தாள். சணல் ஓட்டைக்கு ஓட்டை ஊசிமுனை மாதிரி பச்சை!

"கொழுந்தா! டேய் காசிமிரோ! வாடா!"

காசிமிரோ மண்டியிட்டு முகத்தையே சாக்கில் வைத்தான். "குத்துது மதினி! கன்னத்துல குத்துது!" ஆளாளுக்குச் செருப்பைக் கழற்ற, "ஒவ்வொரு கால்தான், மிதிச்சுக் கொன்னுராதீங்க!" என்று ஒர்லிந்தா கத்தினாள். ஜல்லிக்குப் பச்சைப் பெயின்டு அடித்தவனும் ஒரு காலை வைத்து எடுத்துவிட்டு, "ஜல்லிய அள்ள எத்தனை நாளாகும், அக்கா?" என்று மெதுவாகக் கேட்டான்.

நெல்டா கடைசியாக வைத்தாள். வைத்த காலை எடுக்காமலே நின்றாள். "சரி, அம்மா. இந்தப் பெட்டியெல்லாம் என்ன பண்றது?"

ஒர்லிந்தா எதிர்வாசலின் மஞ்சள் கம்பளத்தைப் பார்த்தாள். "பிரிச்சுக் கொண்டா. காசிமிரோ புல்லு மேல பரப்பி ஈரம் போட்டு மூடுவோம். பனிக்காலம் முடியுறதுக்குள்ள பழசு செத்து மட்கிரும். அடுத்த வருஷம் மண்ணு சூடானதும் அவனுக்கும் நவாஹீதா விதைக்கணும்."

"அடுத்த வருஷமா?" என்றாள் நெல்டா.

"பின்ன? நான் இல்லாம இவன் குழாய்க்கு யாருடி கோட்டு மாட்டுறது?"

காசிமிரோ அதற்குள் முதல் பெட்டியைக் கிழிக்க ஆரம்பித்திருந்தான்.