கூடாரத்தின் வாசலைத் தைத்த நூல்

எங்கள் பகுதியில் பேய் பிடித்ததாகப் பேசப்பட்ட மூன்று பேரை நானே நேரில் போய் விசாரித்திருக்கிறேன். ஒருவருக்குச் சர்க்கரை நோய், ஒருவருக்குக் கடன், மூன்றாமவருக்கு மாமியார். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்பதுதான் என் முடிவாக இருந்தது. ஆம்பூரில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒரு தேதி தப்பினால் சரக்கு கப்பல் ஏறாது என்கிற உலகம் அது. வீட்டுக்கு வந்தால் பொழுதுபோக்கும் அதுவேதான். பாலாற்றில் எந்த வருடம் தண்ணீர் வந்தது, எந்தத் தெருவுக்கு எப்போது பெயர் மாறியது என்று ஊர்ச் சங்கதிகளைத் தேடிப்பிடித்து எழுதி வைப்பேன். யாராவது "எங்க தாத்தா காலத்துல" என்று ஆரம்பித்தால் "எந்த வருஷம்?" என்று கேட்டு அவர்கள் கதையைக் கெடுப்பேன். இப்போது என் கதையை நீங்கள் கெடுக்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

வருடம் 2020, ஊரடங்கின் முதல் கோடை. சரியான தேதியும் என்னிடம் இருக்கிறது. என் மனைவி செல்வி அதைப் போட வேண்டாம் என்று சொன்னதால் விட்டுவிடுகிறேன்.

வழக்கமாகக் கோடை விடுமுறையில் ஏலகிரிக்குப் போய்த் தங்கிவிட்டு வருவோம். அந்த வருடம் மலைக்குச் சுற்றுலா போக அனுமதியில்லை, மாவட்ட எல்லையைத் தாண்ட இ-பாஸ் வேண்டும், எங்கள் தெரு முனையிலேயே தகரம் அடித்து அடைத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் மூடியதிலிருந்து எங்கள் மகள் யாழினி வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். எட்டு வயது. அந்த நாட்களில்தான் அவளுக்குத் தூக்கத்தில் எழுந்து நடக்கிற பழக்கம் வந்தது. கண் திறந்திருக்கும், கூப்பிட்டால் கேட்காது, கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கே போய்விடுவாள். டாக்டரிடம் போனில் கேட்டபோது, இந்த வயதில் வரும், தானாகப் போய்விடும், வெளியே போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். செல்வி அதன் பிறகு நிம்மதியாகத் தூங்கியதில்லை.

கூடாரம் போடும் யோசனை செல்வியின் தம்பி முரளியுடையது. ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டுகிறவன். வேலை பாதி நாள்தான் இருந்தது, கை சும்மா இருக்கவில்லை. மீந்துபோன கேன்வாஸ் துணியை வாங்கிவந்து ஒரு கூடாரமே தைத்துவிட்டான். தேள், பாம்பு நுழையாதபடி அடியில் தார்ப்பாயை நான்கு சுவரோடும் சேர்த்துத் தைத்திருந்தான். ஜிப் விற்கிற கடைகள் திறக்கவில்லை என்பதால் வாசலுக்கு மட்டும் ஒன்றின் மேல் ஒன்று படிகிற இரண்டு துணிகள், உள்ளிருந்து கட்டிக்கொள்ள நாடாக்கள். அதற்குள் குனிந்துதான் போகவேண்டும். செல்வியின் பெரியப்பாவுக்கு ஊரைத் தாண்டிப் பேர்ணாம்பட்டு சாலையில், மாவட்ட எல்லைக்கு இந்தப் பக்கமே ஒரு மாந்தோப்பு உண்டு. அங்கே ஒரு ராத்திரி தங்கலாம் என்றான்.

"அங்க கெணறு கீதுடா" என்றாள் செல்வி. "சுத்துச் சுவரு கூட இல்ல. இவ எழுந்து நடந்தா?"

"நான் இன்னாத்துக்குக் கீறேன்? வாசல்லயே கட்டிலப் போட்டுப் படுத்துக்கிறேன். என்னத் தாண்டித்தான் போவணும்."

"நீ படுத்தா பொணம்டா. ஒன்ன மிதிச்சிட்டுப் போனாக்கூடத் தெரியாது."

"மாமா, பாரு மாமா, நம்ம மேல இன்னா நம்பிக்கன்னு" என்று என்னிடம் முறையிட்டான். யாழினி அதற்குள் துணிப்பையில் தன் சட்டைகளை அடுக்க ஆரம்பித்திருந்தாள். அதைப் பார்த்த பிறகு செல்வியால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

தோப்பில் பகல் முழுவதும் நன்றாகப் போனது, அதைச் சொல்லத்தான் வேண்டும். யாழினி மாங்காய் பொறுக்கினாள், பம்ப்செட் தொட்டியில் குளித்தாள், இரண்டு மாதத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள். கிணறு கூடாரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், தரையோடு தரையாக வாயைத் திறந்துகொண்டு இருந்தது. செல்வி என்ன வேலை செய்தாலும் அதற்கு முதுகைக் காட்டி உட்காரவில்லை. சாயங்காலம் முரளி பூச்சி பொட்டு தெரியட்டும் என்று வேப்பங்கொத்தால் கூடாரத்தைச் சுற்றிலும் கிணறு வரைக்கும் தரையைப் பெருக்கிவிட்டான். மாவு சலித்துப் போட்டதுபோல் செம்மண் புழுதி. நாங்கள் தொட்டியில் கால் கழுவி, ஆளுக்கொரு துண்டால் துடைத்துக்கொண்டு உள்ளே போனோம். செல்வி நாடாக்களைக் கட்டினாள். துப்பட்டாவின் ஒரு முனையை யாழினியின் மணிக்கட்டிலும் மறுமுனையைத் தன் கையிலும் கட்டிக்கொண்டாள். முரளி சொன்னபடி வாசலை அடைத்துக் கட்டில் போட்டான்.

மாமரத்தில் முசுறு எறும்பு இருந்ததை யாரும் யோசிக்கவில்லை. நாங்கள் தூங்கிய பிறகு அவை அவன் மேல் உதிர்ந்து கடிக்க, கட்டிலைத் தூக்கிக்கொண்டு பம்ப்செட் ஓரம் போய்விட்டிருக்கிறான். இது காலையில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

என்னை எழுப்பியது அவன் குரல்தான். வெளிச்சம் சாம்பலாக இருந்தது. "பாப்பா! பாப்பா!" என்று கிணற்றுப் பக்கமிருந்து கத்தினான். அப்படி ஒரு குரலை அவனிடம் நான் கேட்டதே இல்லை. செல்வி எழுந்து உட்கார்ந்து துப்பட்டாவை இழுத்தாள். அது லேசாக வந்தது. முடிச்சு முடிச்சாகவே இருக்க, மறுமுனையில் கை இல்லை.

அவள் அலறவில்லை. இரண்டு கைகளாலும் தரையைத் துழாவினாள். நானும் துழாவினேன். யாழினி என் கால்மாட்டில், வாசல் துணியை ஒட்டிச் சுருண்டு படுத்திருந்தாள். நல்ல தூக்கம், சீரான மூச்சு.

"இங்கதான்டா கீறா! எதுக்குடா கத்தற?"

"உள்ளயா? நல்லாப் பாருக்கா."

"எம் மடியில கீறாடா."

"அப்போ இது யாரு காலு?"

சின்னக் கால் தடங்கள் என்று சொன்னான். கூடார வாசலிலிருந்து நேராகக் கிணற்று விளிம்பு வரைக்கும் போயிருக்கின்றன. திரும்பி வரவில்லை. நான் டார்ச்சை அடித்து யாழினியின் பாதத்தைப் பார்த்தேன். இரண்டு உள்ளங்காலிலும் செம்மண். செல்வி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, குழந்தையை எழுப்பாமலே இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

நாடாக்கள் அவிழ்ந்து தொங்கின. வெளியே போகத் துணியைத் தள்ளினேன். அது திறக்கவில்லை. மேலே தள்ளினேன், கீழே தள்ளினேன், சுவர்போல் நின்றது. டார்ச்சைக் கிட்டத்தில் கொண்டுபோனால், இரண்டு துணியும் சேருகிற இடத்தில் தரையிலிருந்து உச்சி வரைக்கும் தையல்.

"முரளி, விளையாடற நேரமா இது?" என்றேன்.

"எது மாமா?"

"வாசலத் தெச்சி வெச்சிருக்க."

வந்து பார்த்தான். "ஐயோ, நான் தெய்க்கல மாமா. அக்கா, நீதான உள்ள இருந்து தெச்ச? பாப்பா போய்டுவான்னு?"

"நான் இல்லடா. ஒங்கிட்டதான் நூலு கீது."

"எங்கிட்ட கறுப்புதான்க்கா கீது. இது பழுப்பு."

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஷூவின் மேல்பாகத்தை அப்பர் என்பார்கள். அதைப் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து கையாலேயே தைத்துக் கொடுப்பார்கள். செல்வியும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே தைக்கிறவள். மெழுகு தடவிய ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி. ஒரு துளையில் இந்தப் பக்கத்து ஊசி அந்தப் பக்கம் போகும், அந்தப் பக்கத்து ஊசி அதே துளையில் இந்தப் பக்கம் வரும். இரண்டு பக்கமும் கை இருந்தால்தான் நடக்கும் தையல் அது. வாசலில் போட்டிருந்ததும் அதுவேதான் என்று அவள் விரலை வைத்ததும் கண்டுகொண்டாள்.

மாங்காய் வெட்டுகிற கத்தியை நான் எடுத்தேன். "இருங்க, வெட்டாதீங்க" என்றாள். முரளியைக் கூப்பிட்டாள். "மேல பாருடா. உச்சில நூலு எப்படி முடிஞ்சிருக்கு?"

"முடிச்சுப் போட்டு, கடிச்சு விட்டிருக்குக்கா."

"உள்ளயும் அப்படித்தான் கீது" என்றாள். பிறகு அந்த நூல் முனையை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துப் பார்த்தாள். என் கையைப் பிடித்து இழுத்து, என் விரலையும் அதில் வைத்தாள்.

நூல் ஈரமாக இருந்தது.

நூலை வாயால் கடிப்பது தையல்காரர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம். கொரோனா வந்த பிறகு கடிக்கவே கூடாது என்று சொல்லி, வீட்டில் தைக்கிறவர்களுக்கும் சின்னக் கத்தரி கொடுத்திருந்தார்கள். அடுத்தவர் எச்சில் என்றால் எமன் என்று நாம் எல்லோரும் நடுங்கிய காலம். செல்வி கையைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"கீழ இருந்து பாதி வரிக்கும் ஒருத்தரே தெச்சிடலாம்" என்று மெதுவாகச் சொன்னாள், என்னிடம் சொன்னாளா தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியாது. "மேல இருக்கிற சந்துல ஒரு கைய விட்டு அந்தப் பக்கம் ஊசிய வாங்கிக்கலாம். உச்சிக்கு வந்துட்டா சந்து ஏது? கை போவாது. ரெண்டு பக்கமும் ஆள் இருந்தாத்தான் ஆவும்."

நம்பினால் நம்புங்கள், அதுவரைக்கும் நான் பயந்தது வெளியே இருந்ததை நினைத்துத்தான். உள்ளே என்ன இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. தார்ப்பாய் சுவரோடு தைத்தது. வேறு வழி கிடையாது. வாசலை உச்சி வரைக்கும் தைத்து, உள்ளே முடிச்சுப் போட்டு, நூலைக் கடித்து விட்ட பிறகு, அந்தக் கடைசித் தையலின்போது உள்ளே இருந்தவர் எப்படி வெளியே போயிருப்பார்? செல்வி இதை எனக்கு முன்பே யோசித்திருக்கவேண்டும். அவள் வாசலைப் பார்க்கவில்லை. பைகளை வைத்திருந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டார்ச்சை அந்தப் பக்கம் திருப்பப்போனேன்.

"வேணாம்" என்றாள். "வெளிச்சம் அடிக்காதீங்க."

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று என்னால் சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் நேரம் பார்க்கிற நான் அன்று கடிகாரத்தைப் பார்க்கவில்லை. முரளி வெளியே அழாத குறையாக, "மாமா, வெட்டு மாமா, சீக்கிரம் வெட்டு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். மெழுகு நூல் சுலபத்தில் அறுபடவில்லை. மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக அறுத்தேன். செல்வி குழந்தையின் காலிலிருந்த மண்ணைத் தன் நைட்டியால் துடைத்துவிட்டாள்.

இதற்கு ஒரு விளக்கம் உண்டு, நானே அதைச் சொல்லிவிடுகிறேன். அக்காவும் தம்பியும் பேசிவைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து தைத்திருக்கலாம். என்னை ஏமாற்ற அது போதும், ஆனால் கிணற்று விளிம்புவரை போன மகளின் காலடியை வைத்து எந்தத் தாயும் விளையாடமாட்டாள். முரளியைக் குழந்தை தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னேன், செய்தான். யாழினியைக் கேட்டால் அவளுக்கு எதுவும் ஞாபகமில்லை, தொட்டியில் குளித்தது மட்டும்தான். அன்றோடு அவள் தூக்கத்தில் நடப்பதும் நின்றுவிட்டது. டாக்டர் சொன்னபடி தானாகப் போயிருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை.

எனக்குத் தீராதது வேறு. நூலை அறுத்து முடித்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் குனிந்து வெளியே வந்தேன். முரளி அந்தக் காலடிகளைக் காட்ட என்னைக் கிணற்றுப் பக்கம் கூட்டிப்போனான். பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன். செல்வி வெளியே வந்து வாசல் துணியை ஒரு கையால் பிடித்தபடி நின்றிருந்தாள். உள்ளே எங்களில் யாரும் மீதி இல்லை. பிறகு அந்தத் துணியை மேலே தூக்கினாள். நாங்கள் எல்லோரும் குனிந்து போய்வந்த துணியை, கூடாரத்தை இழுத்துக் கட்டியிருந்த கயிறு தெறித்து விழும்படி, தன் தலைக்கும் மேலே கை எட்டும்வரை தூக்கிப் பிடித்தாள். அப்படியே ஒரு அடி பின்னால் நகர்ந்து, தலையைக் குனிந்துகொண்டாள்.

எதற்கு அப்படிச் செய்தாய் என்று பிறகு ஒருமுறை கேட்டேன். முரளி உள்ளே போய்ப் பாயை எடுக்கட்டும் என்று தூக்கிப் பிடித்ததாகச் சொன்னாள். முரளி அப்போது என் பக்கத்தில் நின்றிருந்தான். அது அவளுக்கும் தெரியும். மேலும் முரளி அவள் தோளுக்குத்தான் இருப்பான்.