நைட்டிக்குப் பை வைத்த அக்கா

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் விரித்திருக்கும் சொந்தங்களுக்கும் நட்புகளுக்கும் தங்கையின் வணக்கம். தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரியவர்கள் வாசித்துக் காட்டுங்கள்.

அக்கா நாங்குநேரிப் பக்கம் பிறந்து, பத்தொன்பது வயதில் அத்தானைக் கைப்பிடித்து மும்பை தாராவிக்கு வந்தார். அத்தான் வேலை பார்த்த தோல் பட்டறை மூடப்பட்டதும், பக்கத்துச் சந்தில் இருந்த கார்கானா என்னும் தையல் பட்டறையில் பிசிர் நூல் வெட்டும் வேலைக்கு அக்கா போனார். மதியம் மற்றவர்கள் டப்பாவைத் திறக்கும் நேரத்தில், காலியாக இருக்கும் மிஷினில் உட்கார்ந்து தைக்கப் பழகினார். ஒரு வருடத்தில் பழைய மிஷின் ஒன்று வீட்டுக்கு வந்தது. படிப்பை முடித்துவிட்டு நானும் அப்போதுதான் வந்து சேர்ந்தேன். மிஷினைச் சுவரோரம் நகர்த்தினால்தான் மூன்று பேர் படுக்க இடம் கிடைக்கும்.

தாராவியில் நைட்டி தைக்காத சந்து கிடையாது. அக்காவின் நைட்டி விலைபோனதற்குக் காரணம், அதை உடுத்துகிறவர்களை அவர் கவனித்துக்கொண்டே இருந்ததுதான். ஒரு நாள் காலையில் எதிர்வீட்டுச் செல்வி மதினி இரண்டு கையிலும் குடத்தோடு, வீட்டுச் சாவியை வாயில் கவ்விக்கொண்டு வந்தார். அக்கா ஏதோ கேட்க, பதில் சொல்ல அவர் வாயைத் திறக்க, சாவி சாக்கடையில் விழுந்தது.

"ஒங்களாலதான் மதினி! சாவிய வேற எங்க வைக்கச் சொல்லுதீய?" என்று செல்வி மதினி அக்காவிடம் சத்தம் போட்டார்.

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அன்று மதியமே நைட்டியின் வலது பக்கத் தையலில் ஆழமான பை ஒன்றை வைத்துத் தைத்தார்.

ஒரு மூட்டையோடு இருவரும் ரயிலேறி உல்லாஸ்நகர் போனோம். அங்கிருந்த மொத்த வியாபாரி பைக்குள் கையை விட்டுப் பார்த்து, "நைட்டி மே பாக்கெட்? கௌன் லேகா?" என்று சிரித்தார். யார் வாங்குவார்கள் என்று அவர் கேட்டது அக்காவுக்குப் புரிந்தது. "ஆப் கீ கர்வாலி கோ பூச்சோ" என்று, அவர் வீட்டம்மாவையே கேட்கச் சொல்லி இரண்டை அங்கேயே வைத்துவிட்டு வந்தார். மறுவாரம் அவரே போன் செய்தார். அந்த அம்மா இரண்டையும் திருப்பித் தரவில்லையாம்.

அதன்பின் ஆறு மிஷின், ஆறு பெண்கள் என்று தொழில் வளர்ந்தது. வந்த சோதனையையும் எழுத வேண்டும். ஒரு தீபாவளிக்கு எட்டு நாள் இருக்கும்போது, சுனாபட்டியிலிருந்து ஒரு தாய் தன் மகளின் வெள்ளைப் பள்ளிச் சட்டையோடு வந்தார். எங்கள் மெரூன் நைட்டியின் சாயம் இறங்கிச் சட்டை முழுக்கத் திட்டுத்திட்டாக இருந்தது. அக்கா உடனே துணி எடுத்து, அவரை உட்கார வைத்தே புதுச் சட்டை தைத்துக் கொடுத்தார். பிறகு, அந்த மெரூன் நைட்டி எல்லாவற்றையும் திரும்ப வாங்க வேண்டும் என்றார்.

"கிறுக்கு பிடிச்சிருக்கா ஒனக்கு? தப்பு துணி குடுத்தவன் மேலல்லா?" என்றேன்.

"துணிக்காரன் பேரு அவளுக்குத் தெரியுமாட்டி? எம்பேருதான தெரியும்."

கோபத்தில் நான் போகவில்லை. அக்காவும் அத்தானும் கடை கடையாக, வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் புதுத்துணி இல்லை. திரும்ப வாங்கியதில் கைப்பணம் கரைந்து, மூன்று வாரம் மிஷின் ஓடவில்லை. வேலை இல்லாத நாளிலும் ஆறு பெண்களும் வந்து அக்காவோடு உட்கார்ந்திருந்தார்கள். சொந்தத் தங்கை நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

பொங்கலுக்கு முன்பு அதே சுனாபட்டித் தாய் தன் தெருப் பெண்கள் பதினோரு பேரை அழைத்து வந்தார். அவர்களில் ஒருவரின் மகள் ஐரோலியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தாள். அவள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்ப, அவள் தோழிகளும் கேட்கத் தொடங்கினார்கள். எந்தத் துணியையும் ஒரு துண்டு துவைத்துப் பார்க்காமல் அக்கா அதன்பின் கத்தரி வைத்ததில்லை. இன்று இரண்டு மாடி, பதினெட்டு மிஷின்.

வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் அக்காவின் கண் ஓயவில்லை. உடம்பிலிருந்து வரும் குழாயோடு நைட்டி மாற்றப் பெண்கள் படும் பாட்டைப் பார்த்தார். "பக்கவாட்ட முழுசும் தெறந்து நாடா வையிட்டி" என்றார். நான் தைத்துக் கொண்டுபோனதைத் தான் உடுத்தாமல், பக்கத்துக் கட்டில் ரேகா தாயிக்குக் கொடுக்கச் சொன்னார்; தாயி என்றால் மராத்தியில் அக்கா. அக்காவுக்கென்று அடுத்ததைத் தைத்து முடிப்பதற்குள் காலமானார்.

இரவு பகல் பாராமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், ஊரிலிருந்து ஓடிவந்த உறவுகளுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவிடாமல் சோறு கொண்டுவந்த சந்துக்காரர்களுக்கும், அக்காவைத் தனியே விடாத அந்த ஆறு பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ரேகா தாயி குணமாகிவிட்டார். செவ்வாய்க்கிழமைதோறும் வந்து ஆஸ்பத்திரி நைட்டிகளுக்கு நாடா தைக்கிறார். போன வாரம் ஒன்றைத் தூக்கிக் காட்டி, முடிச்சு விலாவில் வந்தால் ஒருக்களித்துப் படுக்கும்போது குத்துகிறது, கொஞ்சம் முன்னால் தள்ளி வைக்கலாமா என்று கேட்டார். தள்ளி வைத்துவிட்டோம்.