வாசம் தெரியாதவர்களின் மலை

யுத்த காலத்தில் பிடுங்கிக்கொண்டு போன தண்டவாளத்தைத் திரும்பப் போட்டு, மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு மறுபடியும் ரயில் விட்டிருக்கிறார்கள். அதில் ஒருமுறை போக வேண்டுமென்று நானும் வாயால் போய்க்கொண்டே இருந்தேன். போன ஆவணியில் நிஜமாகவே கிளம்பியதற்குக் காரணம் ரயில் அல்ல, என் மனைவி கமலாவின் மூக்கு.

சித்திரையில் வந்த காய்ச்சல் போகும்போது அவளுடைய வாசனை உணர்வையும் கையோடு கொண்டுபோய்விட்டது. ஒரு நாள் அடுப்பில் துணி பற்றியதே தெரியாமல் நின்றிருந்தாள். அன்றிலிருந்து அடுப்படிக்குள் நுழையப் பயம். நான்தான் சமையல். பள்ளியில் பூகோளம் சொல்லிக் கொடுப்பவன் வைக்கும் ரசத்துக்கும் குழம்புக்கும் பெயர் மட்டுமே வேறு. டாக்டரைக் கேட்டால், "வந்தாலும் வரும்" என்றார்.

"ஏலக்காய் மலைக்குக் கூட்டிட்டுப் போங்க. அங்கேயும் தெரியலைன்னா இனிமே எதிர்பார்க்க மாட்டேன்" என்றாள் கமலா. எனக்கு அது பயணம், அவளுக்குப் பரீட்சை.

காலை வண்டி. மூன்றாம் வகுப்பு, ஆளுக்கு ஒன்றரை ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஐம்பத்தாறு மைல்தான், ஆனால் வண்டிக்கு எந்த அவசரமும் இல்லை. ஆண்டிப்பட்டிக் கணவாயைத் தாண்டியதும் மேற்கே மலை தெரிந்தது. நெடுநேரம் அதை மேகமென்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பட்டாளத்துச் சாமான் விற்கும் கடையில் வாங்கிய முதுகுப்பையை மடியில் வைத்துக்கொண்டு கமலா தூங்கிப்போனாள். தலையில் அவளுக்கு மணக்காத மல்லிகைச் சரம்.

போடியில் என் நண்பர் காதர் பாய்க்கு ஏலக்காய்க் கடை. மலைமேல் அவருக்கு ஒரு ஸ்டோர் உண்டு, காய் உலர்த்துகிற கட்டடத்துக்கு அங்கே அதுதான் பெயர். அதில் எங்களுக்கு ஓர் அறை சொல்லி வைத்திருந்தார். இரவு அவர் வீட்டில் தங்கி, விடிந்ததும் குரங்கணி போகும் லோடு லாரியில் ஏறினோம். பத்து மைல் தூரம். "வெரசா ஏறுங்கண்ணே, வெயிலுக்கு முந்திப் போயிரணும்" என்று அவசரப்படுத்திய டிரைவர், பாதி வழியில் டீ குடிக்க அரை மணி நேரம் நிறுத்தினார்.

குரங்கணியிலிருந்து நடைதான். நான்கு மணி நேரம் ஏற்றம். காலில் ஏறும் அட்டைக்கு உப்பைத் துணியில் முடிந்து கொண்டு போங்கள். காப்பித் தோட்டங்கள் முடிந்து ஏலத்தோட்டம் தொடங்கும் இடத்தில் மூடுபனி இறங்கியது. மரங்களுக்கு உச்சி இல்லை. தண்ணீர்ச் சத்தம் மட்டும் கூடவே வந்தது, ஓடையைக் காணோம். பாதையில் எங்கள் கால்கள்கூடச் சத்தமில்லாமல் விழுந்தன. எவ்வளவு தூரம் ஏறினோம் என்பதையே மறந்து, யாரோ காணும் கனவுக்குள் போகிறவர்கள் மாதிரி போய்க்கொண்டிருந்தோம். எனக்கு இதமாக ஒரு மணம் வரத் தொடங்கியது. கமலாவிடம் சொல்லவில்லை.

ஸ்டோர் வாசலில் பேச்சியம்மாள் மறித்தார். காய் உலர்த்தும் வேலை அவருடையது.

"பூவை எடுத்துட்டு வா ஆத்தா. காயி கண்ட வாசத்தையும் இழுத்துக்கிரும். கீழ பாய் மோந்து பாத்துட்டு என்னையத்தேன் வைவாரு."

கமலா சரத்தைக் கழற்றி வெளியே ஆணியில் மாட்டினாள். உள்ளே தட்டுத் தட்டாகப் பச்சைக் காய். வெளியே எரியும் அடுப்பின் சூடு குழாய் வழியாக அறைக்குள் வந்துகொண்டிருந்தது. அந்த மணம் என் கண்ணில் நீரையே வரவழைத்துவிட்டது. கமலா நடுவில் நின்று, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள். பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். இல்லை.

பிறகு பேச்சியம்மாள் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "வாசம் எப்படி இருக்குன்னு நீங்களாவது சொல்லுங்களேன்."

"எனக்கென்ன தெரியும் ஆத்தா? சோலிக்கு வந்த மறுவாரமே எனக்கு இந்த வாசம் தெரியாமப் போச்சு. இங்க எவளுக்குமே தெரியாது. பொங்கலுக்குக் கீழ எறங்குனா, தெருமொனையில வரும்போதே எம் மக 'மலை வந்துருச்சு'ன்னு கத்துறா."

கமலா சிரித்தாள். சித்திரைக்குப் பிறகு அன்றுதான் அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

இரண்டு நாள் அங்கே இருந்தோம். ஸ்டோரின் வெதுவெதுப்பான சுவரில் சாய்ந்துகொண்டு, பனி வருவதையும் போவதையும் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. ஈரத் துணிகள் அடுப்பருகே கொடியில் காய்ந்தன. கமலா பெண்களோடு உட்கார்ந்து காய் பொறுக்கினாள். அவளிடம் யாரும் மூக்கைப் பற்றிக் கேட்கவில்லை.

இறங்கும்போது அடிவாரத்தில் தோட்டக் காவல்காரர் நிறுத்தினார். காய் திருடி இறக்குகிறவர்களைப் பிடிப்பது அவர் வேலை.

"பையக் கொண்டாங்க. எம்புட்டுக் காயி?"

"ஒன்றுகூட இல்லை" என்றேன், வாத்தியார் குரலில். அவர் பையைக் கொட்டினார். துண்டு, வேட்டி, சேலை, மீதி உப்பு. ஒரு காய் இல்லை. துண்டை மோந்து பார்த்துவிட்டு என்னை முறைத்தார்.

"அப்பறம் இந்த வாசம் எங்கிட்டிருந்து வருது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கமலாவுக்கோ முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அண்ணே, நெசமாவா? எங்க மேலயா அடிக்குது? எப்படி அடிக்குது?"

திருடியிடமிருந்து இப்படி ஒரு கேள்வியை அவர் கேட்டிருக்க மாட்டார். கொஞ்சம் யோசித்தார். "கல்யாண வீட்டுல பாயசம் எறக்குனாப்புல இருக்கு, ஆத்தா."

கமலா என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு?"

சட்டைக் கையை மூக்கில் வைத்து இழுத்தேன். துண்டை இழுத்தேன். ஒன்றுமே இல்லை. என் மூக்கும் மலைக்குப் பழகிவிட்டிருந்தது. ஒரு கணம் பயந்தே போனேன். "தெரியலை" என்றேன்.

"இப்படித்தாங்க இருக்கு எனக்கு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். காவல்காரர் தானாகவே துணிகளை மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தார்.

ரயிலில் தேனி தாண்டுவதற்குள் எனக்கு வாசம் திரும்பிவிட்டது. அவளுக்குத் திரும்பவில்லை, இன்று வரைக்கும்.

போக நினைப்பவர்களுக்கு: ஆவணி, புரட்டாசியில் போங்கள். கம்பளி அவசியம். பூ வைத்துக்கொண்டு ஸ்டோருக்குள் போகாதீர்கள். அடிவாரத்தில் பையை நீங்களே திறந்து காட்டிவிடுங்கள், கோபப்பட வேண்டாம். ஊருக்கு வந்ததும் துணியை உடனே துவைத்துவிடாதீர்கள்.

வீடு வந்த மறுநாள் காலையில் கமலா அடுப்பைப் பற்றவைத்தாள். எண்ணெய் காய்ந்தது. கடுகைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"இங்க வந்து பக்கத்துல நில்லுங்க. கருகினா சொல்லுங்க."

நிற்கிறேன், தினமும்.