செருப்பில்லாத கம்பி

ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று மாமாவின் ஐஸ்பெட்டியைத் தொட்டேன், விரல் சுர்ரென்றது. செருப்பைப் போட்டுக்கொண்டு தொட்டேன், ஒன்றுமில்லை. மறுபடி கழற்றினேன், மறுபடி சுர். மின்சாரத்துக்குச் செருப்பு ஆகாது என்பதை ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது நான் இப்படித்தான் கண்டுபிடித்தேன்.

அம்மாவின் தம்பியான மாமா, கரியாலூரில் அருவிக்குப் போகிற வழியில் கடை வைத்திருந்தார். மழையிலும் ஐஸ்கிரீம் கேட்கிற சுற்றுலாக்காரர்களை நம்பிக் கள்ளக்குறிச்சியில் வாங்கிய பெட்டி, தொட்டவர்களையெல்லாம் கடித்தது. அன்று காலை ஒரு குழந்தை அலறியதும் மாமி முடிவாகச் சொல்லிவிட்டார்.

"இன்னொரு தபா யாரையாச்சும் அடிச்சுதுன்னா, பொட்டி கள்ளக்குறிச்சிக்கே போயிடும். ஆமா."

உயிர் போகிற விஷயம் என்பது பெரியவர்களின் கவலை. பெட்டி போனால் லீவுக்கு லீவு எனக்குக் கிடைக்கிற ஐஸ்கிரீமும் போய்விடும் என்பது என் கவலை.

கள்ளக்குறிச்சியில் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் என் அப்பா, நான் கூப்பிடுகிற அத்தா, எர்த்தைப் பார்க்கத்தான் என்னையும் கூட்டிக்கொண்டு மலையேறி வந்திருந்தார். கசிகிற மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிட வேண்டிய அந்தக் கம்பியை மாமா தானே புதைத்திருந்தார். எங்கள் குடும்பத்தில் புதுப்பொருளின் உறையை யாரும் பிரிக்க மாட்டார்கள். ரிமோட் பிளாஸ்டிக் பைக்குள்ளேயே கிடக்கும். மாமாவின் வண்டி சீட் இன்றும் கவரோடுதான் ஓடுகிறது. அதே அக்கறையில் பச்சை உறை போட்ட ஒயரை அப்படியே புதைத்து, நுனியை மட்டும் சுரண்டி ஓர் இரும்புக் குழாயில் கட்டியிருந்தார். பாறை தட்டியதால் குழாயும் முழங்கால் ஆழத்துக்கு மேல் இறங்கவில்லை.

தோண்டியெடுத்த ஒயரைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது.

"மாமா, ஒயரு செருப்பு போட்டுக்கினு இருக்குது. அத கழட்டுங்க. நீளம் பூரா மண்ணுல பட்டாத்தான கரண்டு எறங்கும்?"

"இன்னாடி இவ, அம்மணமா பொதைக்கச் சொல்றா. பாசி புடிச்சிடாது?"

"செம்புக்கு மேல பச்சையா புடிக்கும். அதுனால ஒண்ணியும் ஆவாது" என்றார் அத்தா. பிறகு பையிலிருந்து உறையில்லாத செம்புச் சுருள்கள் இரண்டை எடுத்து என் முன்னால் வைத்தார். "எதும்மா போடலாம்?"

ஒன்று மெல்லிய இழைகளை முறுக்கியது, சங்கிலி போல மின்னியது. மற்றது தடித்த ஒற்றைக் கம்பி. எங்கள் கடைவாசலில் சாரல் பட்டு மெல்லிய இழைகள் ஒவ்வொன்றாக இற்றுப்போவதைப் பார்த்தவள் நான். தடித்ததைத் தொட்டேன். ஆழம் கிடைக்காத இடத்தில் நீளமாகப் பள்ளம் வெட்டி, அதைப் படுக்க வைத்து மூடினோம்.

கரண்டுக்கும் எர்த்துக்கும் நடுவே அத்தா பல்பை வைத்துப் பார்த்தார். காலையில் பழைய எர்த்தோடு வைத்துப் பார்த்தபோது மினுக்கென்று அழுது வழிந்த அதே பல்பு, இப்போது கடையே வெளுக்கும்படி எரிந்தது. மாமி புறங்கையால் பெட்டியைத் தொட்டார். பிறகு உள்ளங்கையால். பிறகு இரண்டு ஐஸ்கிரீம் எடுத்துக் கொடுத்தார். பள்ளி திறந்ததும் வகுப்பில் நான் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

உறையில்லாத செம்பை அத்தா ஏன் முன்பே பையில் போட்டுக்கொண்டு வந்தார் என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பெய்துகொண்டிருந்த மழைக்கும் அந்த வெளிச்சத்தில் பங்கு உண்டு என்பதும் புரியவில்லை.

போன வருடக் கோடையில்தான், மாமி பாத்திரம் கழுவிய தண்ணீரைக் குடத்தில் பிடித்து அந்தப் பள்ளத்தின் நீளத்துக்கும் ஊற்றுவதைப் பார்த்தேன். மண் காய்ந்தால் பெட்டி மறுபடி லேசாகக் கடிக்குமாம். ஒவ்வொரு கோடையிலும் இப்படித்தானாம்.

"எங்கிட்ட ஏன் மாமி சொல்லல?"

"ஊரு பூரா சொல்லிக்கினு திரிஞ்சியே. மூஞ்சி சுருங்கிடும்னு வுட்டுட்டோம்."

என் முகம் சுருங்கவில்லை. கம்பி சரியான கம்பிதான். படுத்திருக்கும் இடம்தான் சரியில்லை. இப்போது சேலத்தில் எலக்ட்ரிக்கல் படிக்கிறேன். வருகிற கோடையில், மண் நன்றாகக் காய்ந்த ஒரு நாளாகப் பார்த்துக் கரியாலூர் போகிறேன். கழுவுத் தண்ணீர் தானாக ஓடிச் சேரும் கொல்லைப் பக்கம் வரைக்கும், அதே தடிமனில், அதே வெறுங்கம்பியைக் கொண்டுபோகப் போகிறேன். கசிவு கண்டதும் தானே விழுந்து கரண்டை நிறுத்துகிற சுவிட்சும் ஒன்று மாட்ட வேண்டும்.

பல்பு எரிவது மட்டும் இந்த முறை போதாது. மாமி குடத்தைக் கீழே வைக்க வேண்டும்.