உப்பு பத்தாத மோர்

வலங்கைமானில் என் வீட்டில் என்னோடு வசிப்பது ஒரு பல்லி மட்டும்தான். மனைவி போய் நாலு வருடம்; மகள் பெங்களூரில். அதனால், ஐம்பது அறுபதுகளில் எழுதியே ஊரைப் பகைத்துக்கொண்ட எழுத்தாளர்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் இருவர் கேமராவோடு வந்து உட்கார்ந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த எழுத்தாளர்களில் ஒருவர், நான் கல்லூரியில் படித்தபோது எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். பண்ணையார்களையும் சாமியார்களையும் கிழித்து எழுதியவர். அப்போதே வயதாகியிருந்தது. என் கவிதையை நீட்டினேன். படித்தார், மடித்துத் தந்தார், மோர் கேட்டார். அவ்வளவுதான், இரண்டு நிமிடக் கதை. அது முடிந்தால் கேமராக்காரர்கள் கிளம்பிவிடுவார்களே! கவிதையைப் பாராட்டினார், தோளில் தட்டினார், கண்கூடக் கலங்கினார் என்று இழுத்தேன். நாற்பது நிமிடம் உட்கார்ந்து கேட்டார்கள்.

படத்தைத் தஞ்சாவூரில் ஒரு சின்ன அரங்கில், ஒரு பிற்பகலில் திரையிட்டார்கள். நடவு நேரம், இருபது பேர் இருந்தால் அதிகம். பக்கத்து நாற்காலி அம்மாள் அந்த எழுத்தாளருடைய மகள் என்று தெரிந்ததும் வாசலைப் பார்த்தேன். வழியில் ஆறு ஜோடி முழங்கால்கள்.

அன்று இவர்கள் எழுதி அடி வாங்கிய வரிகளுக்குத்தான் இன்று சினிமாவில் கைதட்டுகிறோம் என்றது படம். நன்றாகத்தான் சொன்னது. அடுத்து நான் வந்தேன். கண் கலங்கிய கட்டத்தைக்கூட வெட்டவில்லை, பாவிகள்.

விளக்கு போட்டதும் அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"எங்களையெல்லாம் அப்பா ஒரு நாளும் நல்லாருக்குன்னு சொன்னதில்லைங்க. வெளியில உங்ககிட்டயாவது சொல்லியிருக்காரே, அது போதும்."

தலையாட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். பயம் வந்தால் எனக்குப் பொய்கூட ஒழுங்காக வராது. பாராட்டவில்லை, தட்டவில்லை, மோர் மட்டும்தான் குடித்தார் என்று எல்லாவற்றையும் உளறிக் கொட்டிவிட்டேன்.

அவர் கைப்பையின் வாரைச் சுருட்டினார், பிரித்தார். பிறகு கேட்டார்.

"உப்பு பத்தலைன்னாரா?"

"ரெண்டு தடவைங்க. அம்மா உப்பு ஜாடியையே கொண்டுவந்து வச்சிட்டாங்க."

"அப்ப அது அவருதான்."

சிரித்தாரா என்று பார்ப்பதற்குள் யாரோ அவரை மேடைப் பக்கம் அழைத்துப் போய்விட்டார்கள். நான் பஸ்ஸைப் பிடித்தேன்.

வீட்டுக்கு வந்து மோர் கலக்கிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். உப்பு பத்தவில்லை. அடுக்களைப் பக்கம் திரும்பிச் சொல்லியும்விட்டேன். பல்லி மட்டும் ஒரு தடவை கத்தியது.