அம்மை வீட்டு வாசல்வரை

காலை ஏழு மணிக்கு ஈப்போவிலிருந்து கிளம்பினோம். தெற்கே சுங்காய், ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர். கிளினிக் வேனை ஓட்டியவர் சேகர் அண்ணன். தடுப்பூசி மருந்திருந்த குளிர்ப்பெட்டி என் காலடியில். விட்டுப்போன ஊசிகளைத் தேடிப் போய்ப் போடும் தாதி நான். பெற்றோர் வேலைக்காகத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாறினால் பிள்ளைகளின் ஊசிதான் முதலில் விட்டுப்போகும்.

எட்டே காலுக்குத் தாப்பா. தமிழ் முஸ்லிம்களின் மாமாக் கடையில் ஆளுக்கு இரண்டு ரொட்டி சானாய், நுரைக்க ஆற்றிய தே தாரிக்; கணக்கு பன்னிரண்டு வெள்ளி. போகும் வீட்டைப் பற்றி அங்கேதான் அவரிடம் சொன்னேன். நான்கு வயதுப் பெண்ணுக்குத் தட்டம்மை. பத்து மாதத் தம்பிக்கு அந்த ஊசி இன்னும் போடவில்லை. இன்றே போட்டால் அவனைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. பிந்தினால் அது குறைந்துவிடும். அண்ணன் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

சுங்காய் தாண்டிச் செம்மண் பாதையில் பதினோரு கிலோமீட்டர், இருபுறமும் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. செருப்பைக் கழற்றப் போன என்னைப் பிள்ளைகளின் தாய் லதா படியிலேயே நிறுத்தினாள். கையில் சின்னவன்.

பெரியவளைப் பார்த்த டாக்டர், யாரையும் அண்டவிடாதே என்று சொல்லியிருந்தார். அந்த விஷயத்தில் டாக்டரும் ஆத்தாளும் ஒரே கட்சி. ஊசி என்றதும்தான் வம்பு.

"ஆத்தா வீட்டுல இருக்கறப்ப ஊசி குத்தக் கூடாதுக்கா. நீங்க வேதக்காரவங்க, ஒங்களுக்குத் தெரியாது."

என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துச் சொன்னாள். சுருக்கென்றது. நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான், எனக்கா தெரியாது? கோபித்துக்கொள்ள நேரமில்லை.

"வீட்டுக்குள்ள குத்தல லா. வேன்ல வச்சுப் போடறேன்."

லதா உள்ளே பெரியவள் படுத்திருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "வெளிய போட்டா, பெரியவளுக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் இவன உள்ள விட முடியாதுக்கா, நானும் படி தாண்டக் கூடாது," என்றாள்.

பால்குடிப் பிள்ளை. லதாவின் கணவரோ லாரியோடு தொலைவில், ஜொகூரில். நோயாளியிடமிருந்து அவனைத் தள்ளிவைக்க நானும் சொல்லியிருப்பேன். தாயை விட்டே பிரி என்று எந்த வாயால் சொல்வது? அவளே முடிவெடுத்தாள். பக்கத்து லயத்து நாத்தனாரை அழைத்தாள். அந்த வீட்டில் வேறு குழந்தைகள் இல்லை என்று நானும் விசாரித்துக்கொண்டேன். ஒருமுறை பால் கொடுத்து, வாசலில் வைத்து நாத்தனார் கையில் பிள்ளையைக் கொடுத்தாள்.

பத்தரைக்கு வேனில் ஊசி போட்டேன். வீறிட்டான். லதா படியைத் தாண்டவில்லை. அவள் சட்டையின் முன்பக்கம் பாலில் நனைந்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. குளிர்ப்பெட்டியை மூடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

ஈப்போவில் ஊசிக்கு வரும் தாய்மார் அடுத்த நொடியே பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வார்கள். நாங்களும் அதையே சொல்லிக்கொடுக்கிறோம்.  அவனுக்கு அம்மை வராது என்று லதாவிடம் என்னால் உறுதி கொடுக்க முடியவில்லை. அவள் அதைக் கேட்கவும் இல்லை. வேன் நகரும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்.

"புட்டியில குடுத்தா குடிப்பானாக்கா?"