பதில் வரும்வரை கூப்பிடு

மயிலாப்பூர் நீரஜாவுக்குத் துப்பாக்கியைப் பார்த்தாலே பயம். ஆனாலும் பட்டாளத்துக்காரர்கள் அவளிடம்தான் பாடம் படித்தார்கள். நகரத்திலிருந்த ஒரு ராணுவப் பயிற்சிக் கூடத்தில், நட்பு நாடுகளிலிருந்து வரும் அதிகாரிகளுக்கு வயர்லெஸ்ஸில் பேசுகிற இங்கிலீஷைச் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. ஆபத்தென்றால் அமெரிக்க விமானத்தைக் கூப்பிட அந்த இங்கிலீஷ்தானே வேண்டும்! இருக்குமிடத்தைச் சொல், பதில் வரும்வரை வயர்லெஸ் செட்டை விட்டு நகராதே, திரும்பத் திரும்பக் கூப்பிடு என்று மேஜையைத் தட்டித் தட்டி உருவேற்றுவாள். அதில் அம்மாளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஆப்கானிஸ்தானிலிருந்து வந்து படித்துப்போன குலாம் முகம்மது அவளுடைய செல்லப் பிள்ளை. 2021 ஆகஸ்டில், ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது அவனிடமிருந்து போன். பேசியது அவள் கற்றுக்கொடுத்த அதே இங்கிலீஷில்தான்.

"மேடம், எங்க காவல் சாவடியைத் தாலிபான் சுத்தி வளைச்சிட்டாங்க. நீங்க சொன்ன மாதிரியேதான் நானும் வயர்லெஸ் சிப்பாயும் மாத்தி மாத்திக் கூப்பிடறோம். யாரும் பதில் சொல்லல. எங்க தப்பு பண்றோம்?"

நீரஜா புளிக் கையோடு அடுப்பை அணைத்தாள். பாவி, இந்த நேரத்திலும் பாடத்தில் சந்தேகம் கேட்கிறானே! அவன் பேச்சில் ஒரு பிழை இல்லை. கேட்க வேண்டிய அமெரிக்க விமானக்காரர்கள்தான் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அதைத்தான் டிவி நாளெல்லாம் காட்டிக்கொண்டிருந்தது. புத்தம்புது செட்டைக் கொடுத்தவர்களும் சரி, பேசக் கற்றுக்கொடுத்த அவளும் சரி, மறுமுனையில் ஆளே இல்லாவிட்டால் என்ன செய்வதென்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

போனில் படபடவென்று சுடும் சத்தம் கேட்டது.

"உன்மேல தப்பில்ல, குலாம். அந்தப் பக்கம் யாரும் இல்ல. செட்டைப் போட்டுட்டு எல்லாரும் ஓடுங்க, இப்பவே."

"நகரக் கூடாதுன்னு சொன்னீங்களே, மேடம்?"

"நான்தான் சொன்னேன். இப்ப நானே சொல்றேன், ஓடு."

லைன் அறுந்தது. அப்புறம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கபாலி கோயிலில் கும்பிடும்போதுகூட போனைக் கையைவிட்டு வைக்கவில்லை.

கடைசியில் ஒருநாள், எல்லைக்கு அப்பாலிருந்து குலாம் பேசினான். தப்பித்துவிட்டான்! நீரஜா அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். மற்றவர்களும் வந்து சேர்ந்தார்களா என்று கேட்டாள்.

வயர்லெஸ் சிப்பாயைத் தவிர எல்லாரும் வந்துவிட்டதாகச் சொன்னான்.

"கையைப் பிடிச்சு இழுத்தேன், வரல. பதில் வர வரைக்கும் நகரக் கூடாதுன்னுட்டான். அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான், மேடம். உங்களை மாதிரியே, மேஜையைத் தட்டித் தட்டி."